மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் நிமிடங்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், நம் பழைய மாணவியான மயக்க மருந்து நிபுணர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் கடைசியாக நான் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றது ஒரு பேச்சுப் போட்டிக்காக. நடுவில் மனப்பாடம் செய்த வசனம் மறந்துபோய், அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கினேன். அன்று முன்வரிசையில் இருந்த டீச்சர் ஒருவர் இன்றும் அதே வரிசையில் இருக்கிறார். ஆகவே இன்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

"உங்கள் தொழிலில் எங்களுக்கும் பயன்படும் ஒரு விஷயத்தைப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைகளில் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஓர் உடலிலிருந்து எடுக்கும் சிறுநீரகம் இன்னோர் உடலில் உயிர் பெறும்வரை அது எப்படிப் பழுதாகிறது, அந்தப் பழுதை எப்படிக் குறைக்கிறோம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த ஆரம்ப காலம். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். நமுனுகுல மலையடிவாரத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்திருந்தார்கள். மகனுக்கு இருபத்தி நாலு வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, டயலிசிஸில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா கொழுந்து பறிக்கிறவர். தன் சிறுநீரகத்தைத் தருவதற்கு அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. சத்திரசிகிச்சை நாளும் வந்தது.

அம்மாவின் சிறுநீரகத்துக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு நாடிகள் இருந்தன. அவற்றை மகனின் குருதிக் குழாயோடு தைப்பதற்கு நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. கவ்விகளைத் திறந்து குருதியை விட்டபோது சிறுநீரகம் இளஞ்சிவப்பாக மலர வேண்டும். எங்களுக்கு முன்னால் அது திட்டுத்திட்டாக நீலம் பாரித்துக் கிடந்தது. சிறுநீர்ப் பை வெறுமையாகவே இருந்தது. மறுநாளும் வெறுமை. அதற்கு மறுநாளும் அப்படியே. மகனுக்குத் திரும்பவும் டயலிசிஸ் செய்தார்கள். உயிருள்ள ஒருவர் கொடுத்த சிறுநீரகம் இப்படித் தூங்கிப்போவது அரிது. ஆனால் நடக்கும்.

ஆறாம் நாள் அந்த அம்மா ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். நான் எந்த ஊர் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்களும் நம்ம பக்கத்துப் புள்ளன்னு சொன்னாங்க. அதான் ஒங்கக்கிட்ட கேக்குறேன். நாங்க லயத்துல ரொட்டியும் தேத்தண்ணியுமா வளந்த ஒடம்பு. நான் குடுத்தது சொத்தையா புள்ள?"

"இல்லம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்குச் சொல்ல வேண்டிய முழுப் பதில் அன்று என்னிடம் இருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சிறுநீர் வந்தது. மகன் பிழைத்தார். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதற்குரிய பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம்மில் பலர் கொழுந்துக் கூடையின் நிழலில் வளர்ந்தவர்கள். பறித்த கொழுந்து உடனே செத்துப்போவதில்லை. கூடைக்குள்ளும் அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சாக்கில் அமுக்கி அடைத்து, மடுவத்தில் நிறுக்கப் பிந்தி, லொறியும் பிந்தினால் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும் முன்பே கொழுந்து சிவந்துவிடும். "அமுக்காதே, அவிஞ்சு போகும்" என்று என் அம்மா சொல்வது இன்னும் காதில் கேட்கிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல இயந்திரத்தில் போட்டாலும் அந்தக் கொழுந்தில் நல்ல தேயிலை வராது.

சிறுநீரகமும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தே ஏறத்தாழ முந்நூறு கிராம். ஆனால் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல், அவற்றின் ஊடாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நிறுத்திய கணத்திலிருந்து சிறுநீரகத்துக்கு ஒட்சிசன் இல்லை. கலங்கள் மட்டும் வேலையை நிறுத்துவதில்லை. ஒவ்வொரு கலமும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே வைத்திருக்க ஒரு பம்பை இயக்கிக்கொண்டிருக்கிறது. கையிருப்புச் சக்தி தீர்ந்தால் பம்பு நிற்கும். சோடியம் உள்ளே வரும், அதன் பின்னால் தண்ணீர் வரும், கலம் வீங்கும். உடல் வெப்பத்தில் இது மிக விரைவாக நடக்கிறது. இதைச் சூடான குருதியின்மை என்கிறோம். முதலில் அடிபடுவது, சிறுநீரை வடித்துச் சீர்செய்யும் நுண்குழாய்களின் கலங்கள். அவை திரும்ப வளரக்கூடியவை. அந்த மகனின் சிறுநீரகம் பன்னிரண்டு நாள் தூங்கி விழித்தது அதனால்தான்.

இரண்டாவது அடி, குருதி திரும்ப வரும்போது விழுகிறது. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஒட்சிசன் இல்லாமல்தானே பழுதானது, அது வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். சாம்பல் மூடிய அடுப்பை ஊதுகுழலால் பலமாக ஊதிப் பாருங்கள், பொறி பறக்கும். ஒட்சிசன் இல்லாத நேரத்தில் கலங்களுக்குள் அரைகுறையாக எரிந்த பொருட்கள் சேர்ந்திருக்கும். குருதி வந்ததும் அவை ஒரேயடியாக எரிந்து, கலத்தையே அரிக்கும் ஒட்சிசன் துணுக்குகளை உண்டாக்குகின்றன. இதைக் கண்டு உடலின் பாதுகாப்புப் படையும் ஓடி வந்து தாக்குகிறது. ஆகவே சிறுநீரகத்தைக் காப்பது என்றால், குருதி இல்லாத நேரத்தையும் காக்க வேண்டும், குருதி திரும்பும் கணத்தையும் காக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் நம் தையல் வகுப்புக்கும் ஓர் இடம் உண்டு. குருதிக் குழாய்களை ஒழுகாமல் இணைத்துத் தைக்கும் முறையை உருவாக்கியவர் அலெக்சிஸ் கரல் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. லியோன் நகரில் பூத்தையல் வேலை செய்த ஒரு பெண்மணியிடம் அவர் நுண்ணிய ஊசி பிடிக்கப் பழகினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தையல் பாடத்தில் என் துணியைப் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைக்க வைத்த டீச்சரை நான் சத்திரசிகிச்சைக்கூடத்தில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். தையல் நேர்த்தியாகவும் விரைவாகவும் இருந்தால் சிறுநீரகம் சூட்டில் கிடக்கும் நேரம் குறையும்.

முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நடந்தது. ரொனால்ட் ஹெரிக் தன்னுடன் ஒட்டிப் பிறந்தாற்போன்ற இரட்டைச் சகோதரன் ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் கொடுத்தார். சத்திரசிகிச்சை செய்த ஜோசப் மரே 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தச் சிகிச்சை வெற்றி கண்டது. நம் நாட்டில் 1985-இல் தொடங்கியது. நம் சிறுநீரக மருத்துவத்தின் முன்னோடியான பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப் அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். இன்று கொழும்பு மாளிகாவத்தையில் இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. கண்டியிலும் செய்கிறார்கள்.

கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தால் நேரம் குறைவு. இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவருவது எப்படி? அதற்கு விடை, குளிர். வெப்பம் ஒவ்வொரு பத்துப் பாகை குறையும்போதும் கலத்தின் வேலை பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைகிறது. 4 பாகை செல்சியஸில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழ். நமுனுகுலையில் பனி இறங்கும் ஜனவரி மாதக் காலையில் பறித்த கொழுந்து நண்பகல்வரை வாடாமல் இருப்பது போல.

ஆனால் குளிர் மட்டும் போதாது. குளிரில் அந்தப் பம்பும் மந்தமாகிவிடுவதால் கலம் வீங்கும். 1969-இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜெஃப்ரி கொலின்ஸும் அவரது குழுவினரும் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். கலத்துக்கு உள்ளே இருக்கும் நீரைப் போலவே பொட்டாசியம் கூடிய ஒரு கரைசலைச் செய்தார்கள். வெளியேயும் உள்ளேயும் ஒரே மாதிரியான நீர் இருந்தால் உப்பு இடம் மாறுவது குறையும். இந்தக் கரைசலால் கழுவிய சிறுநீரகத்தைப் பனிக்கட்டியில் ஒரு நாளுக்கும் மேல் வைத்திருக்க முடிந்தது. 1980களில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும் இன்னும் மேலான கரைசல் ஒன்றைச் செய்தார்கள். அது இன்றும் உலகெங்கும் பாவனையில் இருக்கிறது.

நடைமுறையைச் சொன்னால் வீட்டுப் பெண்களுக்கு உடனே விளங்கும். சிறுநீரகத்தின் நாடி வழியாக, குளிரூட்டிய கரைசலை விட்டு உள்ளே இருக்கும் குருதி முழுவதையும் கழுவி எடுக்கிறோம். பிறகு அதே கரைசலோடு ஒரு பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில், அதையும் இன்னொரு பையில் வைத்துப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் இறக்குகிறோம். பனிக்கட்டி நேரடியாகப் பட்டுவிடக் கூடாது. உறைந்தால் கலத்துக்குள் பனி ஊசிகள் உண்டாகிக் கிழித்துவிடும். குளிர வேண்டும், உறையக் கூடாது. இவ்வளவும் செய்தாலும் கடிகாரம் நிற்பதில்லை, மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கில் ஏறும்.

இங்கிலாந்தில் பயிற்சிக்காக இருந்தபோது, பனிக்கட்டிப் பெட்டிக்குப் பதிலாக ஒரு சிறிய இயந்திரத்தைப் பார்த்தேன். குளிர்ந்த கரைசலைச் சிறுநீரகத்தின் ஊடாக மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். இது உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்க நெதர்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனி ஆகிய நாடுகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். 336 பேரின் சிறுநீரகங்களை எடுத்து, ஒவ்வொருவரின் ஒன்றை இயந்திரத்திலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார்கள். ஒரே உடலில் பிறந்த இரண்டு என்பதால் ஒப்பீடு நேர்மையானது. 2009-இல் முடிவு வெளிவந்தது. மாற்றிய முதல் வாரத்தில் டயலிசிஸ் தேவைப்படும் அளவுக்குத் தூங்கிப்போனவை பனிக்கட்டியில் 26.5 வீதம், இயந்திரத்தில் 20.8 வீதம். ஒரு வருடத்தின் பின் வேலை செய்துகொண்டிருந்தவை பனிக்கட்டியில் 90 வீதம், இயந்திரத்தில் 94 வீதம்.

நூற்றுக்கு நாலு என்பது சின்ன எண்ணாகத் தெரியும். அந்த நாலு பேரில் ஒருவர் உங்கள் தம்பி என்றால் அது சின்ன எண் அல்ல.

இயந்திரம் விலை கூடியது. எல்லா இடத்துக்கும் அது உடனே வராது. ஆகவே விலை குறைந்த வழிகளைப் பற்றிய இரண்டு ஆய்வுகளையும் சொல்கிறேன். 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்தது ஒன்று. மூளைச் சாவடைந்த 370 கொடையாளிகளில் ஒரு பகுதியினரின் உடலைச் சிறுநீரகம் எடுப்பதற்கு முன்பே 34 முதல் 35 பாகைக்குக் குளிரச் செய்தார்கள். தூங்கிப்போன சிறுநீரகங்கள் 39 வீதத்திலிருந்து 28 வீதமாகக் குறைந்தன. ஒரு போர்வையைக் கழற்றுவதாலும் குளிர்ப் போர்வை ஒன்றைப் போடுவதாலும் ஆகிற காரியம் இது. அதே ஆய்வாளர்கள் 2023-இல் இயந்திரத்தோடு ஒப்பிட்டபோது இயந்திரமே மேல் என்று கண்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும், இயந்திரம் இல்லாத இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று கைகட்டி நிற்கத் தேவையில்லை என்பதை முதல் ஆய்வு காட்டிவிட்டது.

அடுத்தது என் துறையைச் சேர்ந்தது. சத்திரசிகிச்சையின்போதும் அதன் பின்னரும் நோயாளிக்கு நாளத்தின் வழியாக நீர் ஏற்றுகிறோம். நீங்கள் எல்லோரும் சேலைன் என்று அறிந்த உப்புக் கரைசல்தான் பல வருடங்களாக வழக்கம். அதில் குளோரைட் அளவு குருதியில் இருப்பதைவிடக் கூடுதல். அதிகமாக ஏற்றினால் குருதியில் அமிலத்தன்மை கூடும், சிறுநீரகத்தின் குருதிக் குழாய்களும் சுருங்கக்கூடும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், இறந்தவர்களின் சிறுநீரகத்தைப் பெற்ற 808 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சேலைன், பாதிப் பேருக்குக் குருதியின் உப்புச் சமநிலைக்கு நெருங்கிய ஒரு கரைசல். 2023-இல் வெளிவந்த முடிவு: சேலைன் பெற்றவர்களில் 40 வீதமானோரின் சிறுநீரகம் தூங்கிப்போனது, மற்றவர்களில் 30 வீதம். கம்பியில் தொங்கும் போத்தலை மாற்றியதால் நூற்றுக்குப் பத்துப் பேர் டயலிசிஸுக்குத் திரும்பிப் போகாமல் தப்பினார்கள். இதை வாசித்த அன்று நான் வெகுநேரம் மேசையை விட்டு எழும்பவில்லை. இத்தனை வருடமாக எத்தனை போத்தல் சேலைன் என் கையால் தொங்கவிட்டிருப்பேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் கூடத்துக்குள் வந்து பாருங்கள். கொடையாளியின் குருதியழுத்தம் விழாமல், உடலில் நீர் குறையாமல் பார்க்கிறோம். எடுத்த சிறுநீரகத்தை உடனே கழுவிக் குளிரச் செய்கிறோம். பெறுபவரின் குழாய்கள் தயாராகும்வரை அது பனியிலேயே இருக்கிறது. தைக்கும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பக்கத்து உடல்சூடு ஏறாதபடி, குளிர்ந்த ஈரத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு தாதி நேரத்தை உரக்கச் சொல்கிறார். கவ்வியைத் திறக்கும் முன் சத்திரசிகிச்சை நிபுணர் என்னைப் பார்ப்பார். குருதியழுத்தம் போதுமா, நோயாளி நிறைந்திருக்கிறாரா என்பதே அந்தப் பார்வையின் கேள்வி. வாய்க்காலில் தண்ணீர் இல்லாமல் மதகைத் திறந்து என்ன பயன்? நான் தலையசைத்த பிறகுதான் கவ்வி திறக்கும். இதில் எதுவும் அதிசயம் அல்ல. எல்லாமே கவனம். ஆனால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

சகோதரிகளே, இதுவரை கூடத்துக்குள் போகும் நிமிடங்களைப் பேசினேன். கூடத்துக்கு வெளியே அதைவிட அதிக நேரம் போகிறது. அதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

2008 செப்டம்பரில் சென்னையில், விபத்தில் மூளைச் சாவடைந்த ஒரு மாணவனின் பெற்றோர், இருவரும் மருத்துவர்கள், மகனின் உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தார்கள். போக்குவரத்துப் பொலிசார் வழியைத் திறந்துவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவனுடைய இதயம் பதினொரு நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. சிறுநீரகத்தைப் போல இதயத்தை நீண்ட நேரம் வைத்திருக்க முடியாது. தமிழ்நாடு முழுவதும் உறுப்புக்கொடை பற்றிப் பேச வைத்த நிகழ்ச்சி அது. அந்தப் பதினொரு நிமிடத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன், மகனின் படுக்கையருகே அந்தத் தாயும் தகப்பனும் எடுத்த முடிவு இல்லாவிட்டால் அந்த வாகனம் புறப்பட்டே இருக்காது.

நம் நாட்டுக்குக் கொடை புதிது அல்ல. 1961-இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் 1964-இலேயே சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. கண்ணைக் கொடுக்கத் தெரிந்த நாடு இது. 1987-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம் இறந்தவர்களின் உறுப்புகளை மாற்றீடு செய்ய வழி தருகிறது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு குடும்பத்திடம் அதைக் கேட்கும்போது, பெரும்பாலும் முதன்முதலாக அன்றுதான் அவர்கள் அதைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள். "அவரு என்ன விரும்பியிருப்பாருன்னு தெரியலியே" என்று அழுகிறார்கள். அந்த நேரத்தில் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது, முடியவும் முடியாது. ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் விருப்பம் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அதை இன்றிரவு சாப்பாட்டு வேளையில் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். அந்த வாசலில் நிற்கப் போகிறவர்களின் பாரம் பாதியாகக் குறையும்.

இன்னொன்று, நம் பதுளை மாவட்டத்தைப் பற்றியது. காரணம் முழுமையாக உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று 1990களில் வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டதே, அது கடுமையாகத் தாக்கிய இடங்களில் நம் மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டையும் ஒன்று. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயக் குடும்பங்கள். தோட்டத்தில் நமக்கு நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் அதே வேலையைச் செய்கின்றன. மலைக்கு மேலே வேறு நோய், கீழே வேறு நோய், முடிவில் டயலிசிஸ் வரிசை ஒன்றுதான். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை குருதியழுத்தம், சீனி, சிறுநீர் மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டிய தேவையே வராத சிறுநீரகம்தான் எல்லாவற்றிலும் மேலானது.

உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் உலகெங்கும் பெண்களே அதிகம். பெறுபவர்களில் ஆண்களே அதிகம். இந்த மண்டபத்திலும் அப்படிக் கொடுத்த ஒருவராவது இருக்கலாம். அன்போடு கொடுத்தால் அது பெரிய காரியம். மறுக்க முடியாத நிலையில் கொடுத்தால் அது வேறு. கொடுக்கலாமா என்று யோசிக்கும் ஒரு தங்கை உங்களிடம் வந்தால், முதலில் அவளைத் தனியாக இருத்திப் பேசுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. கொடுத்தவளின் உடம்பையும் வாழ்நாள் முழுவதும் வருடாவருடம் சோதிக்க வேண்டும். சிறுநீரகம் கொடுத்த பின் வீட்டில் எல்லோரும் மகனைப் பார்ப்பார்கள். அம்மாவைப் பார்க்க மறந்துவிடுவார்கள்.

முடிவாக, அந்த அம்மாவிடம் திரும்புகிறேன்.

சில வருடங்களுக்குப் பிறகு கிளினிக் வராந்தாவில் அவரைச் சந்தித்தேன். மகனின் மருந்துக்காகத் துணைக்கு வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களேம்மா" என்று தொடங்கினேன். அவர் மறந்திருக்கவில்லை.

"நீங்க குடுத்தது சொத்தை இல்லம்மா. நல்ல கொழுந்து. மடுவத்துல நாங்கதான் பிந்திட்டோம்" என்றேன். நாடி இரண்டாக இருந்ததையும், தைக்க நேரமானதையும், அந்த நேரத்தில் சூடேறியதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார். "அப்ப கொற கணக்கப்பிள்ளை மேலதான்" என்றார்.

அவர் இப்போது இல்லை. அவர் கொடுத்த சிறுநீரகம் மகனிடம் இன்னும் வேலை செய்கிறது. ஒரு சிறுநீரகம் தூங்கிப்போகும்போது நாம் கொடுத்தவரின் உடம்பைக் குறை சொல்லவோ, பெற்றவரின் விதியைக் குறை சொல்லவோ கூடாது என்று எனக்குக் கற்பித்தவர் அவர். எந்த நிமிடம் எங்கே போனது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவர்கள்தான் கரைசலையும் பனிப்பெட்டியையும் இயந்திரத்தையும் கண்டார்கள், போத்தலை மாற்றினார்கள். நான் பயிற்றுவிக்கும் இளம் வைத்தியர்களுக்கு முதல் நாள் பாடமாக அந்த அம்மாவின் கேள்வியைத்தான் சொல்கிறேன்.

நம் பாடசாலைக்கு நூறு வயது. லயத்துப் பிள்ளைக்கு எதற்கு விஞ்ஞானம் என்று கேட்ட காலத்தில் எங்களை ஆய்வுகூடத்தில் உட்கார வைத்து, நேரம் தவறாமல் வரவும் தையலைப் பிரித்துத் திரும்பப் போடவும் பழக்கியது இந்த இடம். அந்த இரண்டு பழக்கமும் இன்று சில உயிர்களுக்குப் பயன்படுகின்றன. அதற்காக என் ஆசிரியைகளின் பாதம் தொட்டு வணங்குகிறேன்.

இம்முறை வசனம் மறக்கவில்லை, டீச்சர்.